கொடிவழித் தரவை எக்ஸ்எம்எல் ஆக்குதல்: ஒரே பாட்டி இரண்டு இடங்களில் வந்தால் என்ன செய்வது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் கொடிவழியைத் தொகுப்பதற்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதி ஐந்தாறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ 1,400 பேர் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் 'நபர்' என்ற கிளாஸின் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது ஒரே வார்ப்பில் செய்த தனித்தனித் தரவுப் பொதி. பெயர், பிறந்த நாள், ஊர், உயிருடன் இருக்கிறாரா என்ற விவரங்களோடு, தந்தை, தாய், துணை, பிள்ளைகள் ஆகியோரை நேரடியாகச் சுட்டும் புலங்களும் அதில் உண்டு. இதுவரை எல்லாவற்றையும் பிக்கிள் (பைத்தான் ஆப்ஜெக்ட்களை அப்படியே கோப்பில் இறக்கிவைக்கும் முறை) கோப்பாகவே சேமித்து வந்தேன். சென்ற மாதம் நிரலை ஒழுங்குபடுத்தலாம் என்று அந்தக் கிளாஸை வேறொரு மாட்யூலுக்கு மாற்றியதும், பழைய கோப்பு திறக்க மறுத்துவிட்டது. பிக்கிள் கோப்பில் தரவோடு மாட்யூலின் பெயரும் கிளாஸின் பெயரும் எழுதப்படுகின்றன என்பதும், அதே பெயரில் அதே இடத்தில் கிளாஸ் இல்லாவிட்டால் அது கைவிரித்துவிடும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே எக்ஸ்எம்எல் (விவரங்களைப் பெயருள்ள டேக்குகளுக்கு இடையே வெறும் உரையாக எழுதும் வடிவம்) கோப்பாக மாற்ற முடிவு செய்தேன். இருபது ஆண்டுகள் கழித்து இந்த நிரலே இல்லாமல் போனாலும், என் மகள் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று படித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் தேவை.

நான் எழுதிய ஃபங்ஷன் மிக எளிமையானது. ஒரு நபரைக் கொடுத்தால் அவருடைய புலங்களை ஒவ்வொன்றாக எலிமென்ட்டாக (தொடக்க டேக், உள்ளடக்கம், முடிவு டேக் சேர்ந்த துண்டு) எழுதும். புலத்தில் இன்னொரு நபர் இருந்தால் தன்னையே மீண்டும் அழைத்துக்கொள்ளும். கணவருக்குள் மனைவி, மனைவிக்குள் மறுபடி கணவர் என்று சுற்றிச் சுற்றி, பைத்தானின் 1,000 என்ற ரெகர்ஷன் (தன்னையே அழைக்கும் ஆழம்) வரம்பில் முட்டி நின்றது. பிறகு, ஏற்கெனவே எழுதியவர்களை ஒரு செட்டில் போட்டுவைத்து, இரண்டாம் முறை வந்தால் தாண்டிச் செல்லும்படி திருத்தினேன். நிரல் முடிவுக்கு வந்தது. கோப்புதான் பொய் சொல்கிறது. என் தாத்தா தம் அக்காள் மகளை மணந்தவர். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பாட்டியை முதலில் அக்காளின் மகளாக எழுதிவிட்டதால், தாத்தாவுக்கு மனைவி என்ற இடம் காலியாகிவிட்டது. கோப்பின்படி என் தாத்தா நான்கு பிள்ளைகளைப் பெற்ற பிரம்மச்சாரி.

இதற்கு முறையான வழி என்ன?

நள்ளிரவு நிரலன் எழுதியது:

எக்ஸ்எம்எல் எதற்கு? ஜேசன் என்ற இன்னோர் உரை வடிவில் ஒரே வரியில் எழுதிவிடலாமே.

பொருநைக்கரை எழுதியது:

அதையும் முயன்று பார்த்தேன். பைத்தானின் ஜேசன் மாட்யூல் சுழற்சியைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடுகிறது. என்னுடைய ஃபங்ஷன் 1,000 படி இறங்கித் தெரிந்துகொண்டதை அது முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டது என்பது மட்டுமே வேறுபாடு.

சுட்டுவிரல் எழுதியது:

நீங்கள் மோதியிருப்பது பைத்தானின் வரம்பில் அன்று. எக்ஸ்எம்எல், ஜேசன் இரண்டுமே மர வடிவம் கொண்டவை. ஓர் எலிமென்ட்டுக்கு ஒரே ஒரு தாய் எலிமென்ட்தான் இருக்க முடியும். நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஒருவரை எத்தனை பேர் வேண்டுமானாலும் சுட்டலாம். 'குடும்ப மரம்' என்று நாம் வாய்வழக்காகச் சொல்கிறோமே தவிர, அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் குடும்பத்தில் அது மரமாக இருப்பதே இல்லை, வலையாகத்தான் இருக்கிறது. வலையை மரத்துக்குள் திணிக்க முயன்றால் ஒன்று முடிவில்லாமல் சுற்ற வேண்டும், அல்லது ஒரே ஆளை இரண்டு நகல்களாக எழுத வேண்டும், அல்லது உங்கள் தாத்தாவைப் போல் யாரேனும் ஒருவர் துணையை இழக்க வேண்டும்.

ஆகவே, ஒருவருக்குள் ஒருவரை எழுதுவதை விட்டுவிடுங்கள். எல்லா நபர்களையும் ஒரே மட்டத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். உறவுகளைத் தனிப் பகுதியில் அந்த எண்களைச் சுட்டி எழுதுங்கள். உங்கள் தாத்தாவின் கதையையே எடுத்துக்கொண்டால் இப்படி வரும் (பெயர்கள் என் கற்பனை):

<கொடிவழி பதிப்பு="1">
  <நபர்கள்>
    <நபர் எண்="ந4"><பெயர்>வேலாயுதம்</பெயர்></நபர்>
    <நபர் எண்="ந5"><பெயர்>சிவகாமி</பெயர்></நபர்>
    <நபர் எண்="ந7"><பெயர்>சண்முகம்</பெயர்></நபர்>
    <நபர் எண்="ந9"><பெயர்>பொன்னம்மாள்</பெயர்></நபர்>
  </நபர்கள்>
  <குடும்பங்கள்>
    <குடும்பம் எண்="கு1"><பிள்ளை சுட்டு="ந5"/><பிள்ளை சுட்டு="ந7"/></குடும்பம்>
    <குடும்பம் எண்="கு3" கணவர்="ந4" மனைவி="ந5"><பிள்ளை சுட்டு="ந9"/></குடும்பம்>
    <குடும்பம் எண்="கு4" கணவர்="ந7" மனைவி="ந9"/>
  </குடும்பங்கள்>
</கொடிவழி>

பொன்னம்மாள் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறார்; கு3 இல் மகளாகவும் கு4 இல் மனைவியாகவும் சுட்டப்படுகிறார். 'குடும்பம்' என்பது உங்கள் நிரலில் இல்லாத ஒரு கிளாஸ் என்பதைக் கவனியுங்கள். கோப்பில் மட்டும் அதைப் புகுத்தியிருக்கிறேன். உங்கள் நிரலில் தந்தையிடம் பிள்ளைகளின் பட்டியலும், பிள்ளையிடம் தந்தையைச் சுட்டும் புலமும் இருக்கின்றன. ஒரே உண்மை இரண்டு இடங்களில் இருப்பது நினைவகத்தில் வசதிக்காக; கோப்பிலும் இரண்டு இடங்களில் எழுதினால், யாரேனும் கையால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடும் நாள் நிச்சயம் வரும்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. கொடிவழித் தரவைப் பரிமாறிக்கொள்ள 1980களிலேயே வந்த ஜெட்காம் வடிவம் நபர், குடும்பம் என்று இரண்டு வகைப் பதிவுகளைத் தனித்தனியே வைத்து, ஒன்றையொன்று எண்ணால் சுட்டும்படி அமைக்கப்பட்டது. பைத்தானிலேயே எழுதப்பட்ட கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பாருங்கள். நபர்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், ஊர்கள் ஒவ்வொன்றும் தனிப் பகுதி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கைப்பிடி, மற்றப் பதிவுகள் அந்தக் கைப்பிடியைச் சுட்டும். அந்தக் கோப்பு ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும் என்பதால் முதலில் விரித்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும்போது இரண்டு சுற்றுகள் தேவைப்படும். முதல் சுற்றில் நபர்களை மட்டும் உருவாக்கி, எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட ஒரு டிக்ஷ்னரியில் போடுங்கள். இரண்டாம் சுற்றில் குடும்பங்களைப் படித்து அவர்களை இணையுங்கள். ஒரே சுற்றில் முடிக்க முயன்றால், இன்னும் படிக்கப்படாத ஒருவரைச் சுட்டும் வரியில் தடுமாறுவீர்கள்.

பொருநைக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நேற்று இரவே மாற்றி எழுதினேன். ரெகர்ஷன் போய்விட்டது, தாத்தாவுக்கும் மனைவி கிடைத்துவிட்டார். ஆனால் இரண்டு புதிய குழப்பங்கள் முளைத்துள்ளன. நபர்களின் எண்ணாக, பைத்தான் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தரும் அடையாள எண்ணையே பயன்படுத்தினேன். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எல்லோருடைய எண்ணும் மாறிவிடுகிறது. கோப்பை கிட் என்ற மாற்றப் பதிவேட்டில் வைத்திருப்பதால், ஒரே ஒருவரின் ஊரைத் திருத்தினால்கூடக் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது. இரண்டாவது, குடும்பங்களை எழுதும்போது இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் ஒரே எண்ணைப் பெற்றுவிட்டன. இது எப்படி நடக்கும்?

சுட்டுவிரல் எழுதியது:

இரண்டாவது குழப்பம் சுவையானது. சி மொழியில் எழுதப்பட்ட வழக்கமான பைத்தானில் அந்த அடையாள எண் நினைவக முகவரிதான். ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே அது தனித்தன்மை உடையது. உங்கள் நிரலில் குடும்பம் என்ற கிளாஸ் முன்பு இல்லாததால், எழுதும் நேரத்தில் ஒவ்வொன்றாக உருவாக்கி, எழுதி முடித்ததும் விட்டுவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விட்ட உடனே அந்த இடம் காலியாகிறது. அடுத்த குடும்பம் அதே இடத்தில் குடியேறி அதே எண்ணைப் பெறுகிறது. வாடகை வீட்டின் கதவிலக்கத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண முயல்வது போன்றது இது. பிக்கிளும் உள்ளுக்குள் இதே எண்ணைத்தான் பயன்படுத்துகிறது; ஆனால் எழுதி முடியும்வரை ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் தன் குறிப்பேட்டில் பிடித்துவைத்துக்கொள்வதால் அதற்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

முதல் குழப்பத்துக்கு ஒரே தீர்வு, எண்ணை நபரின் சொந்தப் புலமாக்குவதுதான். நபர் முதன்முதலில் சேர்க்கப்படும்போது ஒரு முறை கொடுங்கள், அவர் நீக்கப்பட்டாலும் இன்னொருவருக்குத் தராதீர்கள். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருப்பது நல்லது. எக்ஸ்எம்எல் கோப்பின் இலக்கணத்தை டிடிடி மூலம் வரையறுத்து அந்த ஆட்ரிபியூட்டை (எண்="ந4" போல் டேக்குக்குள் வரும் பண்பு) அடையாள வகை என்று அறிவித்தால், அதன் மதிப்பு இலக்கத்தில் தொடங்கக் கூடாது என்பது விதி.

பழைய ஜாவாக்காரன் எழுதியது:

நல்ல விளக்கம், ஆனால் இவ்வளவையும் கையால் எழுதச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஜாவாவில் ஜேஏஎக்ஸ்பி (JAXB) என்ற கருவி இருக்கிறது. ஜாவா 6 முதல் உடன் வந்தது, ஜாவா 11 இல் நீக்கப்பட்டுவிட்டதால் இப்போது தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளாஸின் புலங்களுக்கு மேல் சில குறிப்புகளை இட்டால் போதும், எழுதுவதும் படிப்பதும் தானாக நடக்கும். சுழற்சி இருந்தால் தெளிவான பிழைச் செய்தி தந்து நிற்கும். 'இந்தப் புலம் அடையாளம், அந்தப் புலம் அதைச் சுட்டுவது' என்று குறித்துவிட்டால், சுட்டுவிரல் காட்டிய அதே எண் முறையில் எழுதிவிடும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் டேட்டா கான்ட்ராக்ட் சீரியலைசரிலும் சுட்டுகளைப் பாதுகாக்கச் சொல்லும் அமைப்பு உண்டு. ஏறத்தாழ இருநூறு கிளாஸ்கள் கொண்ட ஒரு காப்பீட்டு நிரலை நான் பராமரித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எழுதும் ஃபங்ஷன், படிக்கும் ஃபங்ஷன் என்று நானூறு எழுதியிருந்தால் இன்றும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

சுட்டுவிரல் எழுதியது:

இருநூறு கிளாஸ்களுக்கு உங்கள் வழிதான் சரி, மறுக்கவில்லை. இவரிடம் இருப்பவை ஐந்து. அதைவிட முக்கியமாக, இவருடைய சிக்கல் எங்கே தொடங்கியது என்று பாருங்கள்: கிளாஸை இடம் மாற்றியதும் பழைய கோப்பு திறக்கவில்லை. நிரலின் கிளாஸைப் பார்த்துத் தானாக எழுதும் கருவி எதுவாயினும், அந்தக் கிளாஸின் உருவத்தையே கோப்பில் பதிக்கிறது. ஜாவா 1.4 உடன் வந்த எக்ஸ்எம்எல் என்கோடர் இதில் உச்சம். அந்த ஆப்ஜெக்ட்டை மறுபடி கட்டியெழுப்ப எந்தக் கிளாஸின் எந்த மெத்தடை அழைக்க வேண்டும் என்பதையே அது கோப்பில் எழுதிவைக்கிறது. வெளியே எக்ஸ்எம்எல், உள்ளே பிக்கிள் என்று சொல்வேன். டேக் இருப்பதாலேயே ஒரு கோப்பு நீண்டநாள் வாழ்ந்துவிடாது.

பழைய ஜாவாக்காரன் எழுதியது:

எக்ஸ்எம்எல் என்கோடரை நானும் பரிந்துரைக்கவில்லை. அப்படி எழுதப்பட்ட கோப்பைப் படிக்கும் டிகோடர், கோப்பு சொல்லும் மெத்தடை அப்படியே அழைத்துவிடும் என்பதால், அந்நியரிடமிருந்து வந்த கோப்பை அதில் திறப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். எக்ஸ்ஸ்ட்ரீம் என்ற பெயர்பெற்ற ஜாவா நூலகமும் இதே காரணத்தால் தொடர்ந்து பாதுகாப்புச் சிக்கல்களில் மாட்டி, 1.4.18 பதிப்பு முதல் அனுமதிக்கப்பட்ட கிளாஸ்களை மட்டுமே உருவாக்கும் நிலையைத் தன் இயல்பாக்கிக்கொண்டது. ஆனால், கோப்புக்கென்றே தனியாகச் சில கிளாஸ்களை எழுதி, நிரலின் கிளாஸ்களிலிருந்து அவற்றுக்கு நகலெடுத்து, அவற்றைக் கருவியிடம் கொடுத்தால், நிரலை எப்படி மாற்றினாலும் கோப்பு மாறாது. நான் அப்படித்தான் செய்தேன்.

சுட்டுவிரல் எழுதியது:

அப்படியானால் நகலெடுக்கும் ஃபங்ஷன்களை நீங்களும் கையால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பழைய ஜாவாக்காரன் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். ஆனாலும் நானூறு இல்லை.

பொருநைக்கரை எழுதியது:

எண்களைச் சொந்தப் புலமாக்கிவிட்டேன், இரண்டு குழப்பங்களும் தீர்ந்தன. இப்போது எழுதிய கோப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். விளைவு: எங்கள் குலத்தில் இறந்தவர் எவருமே இல்லை. 1890களில் பிறந்த கொள்ளுத்தாத்தா உட்பட எல்லோரும் உயிருடன் இருப்பதாக நிரல் சொல்கிறது. இதைத் தவிர, ஒரு சித்தப்பாவைப் பற்றிய குறிப்பு இருக்கும் கோப்புப் பகுதியில் 'செல்லாத குறி' என்று படிக்கும் நிரல் நின்றுவிடுகிறது; அந்த வரியைக் கண்ணால் பார்த்தால் ஒரு பிழையும் தெரியவில்லை.

எழுத்தெண்ணி எழுதியது:

இறந்தவர்கள் எழுந்து வந்ததற்குக் காரணம் எளிது. 'உயிருடன்' என்ற பூலியன் (ஆம்/இல்லை) மதிப்பை எழுத்தாக மாற்றியபோது கோப்பில் 'ஃபால்ஸ்' (பொய்) என்ற சொல் விழுந்திருக்கும். திரும்பப் படித்தபோது அந்தச் சொல்லைப் பைத்தானின் பூலியன் மாற்றியிடம் கொடுத்திருப்பீர்கள். வெற்றாக இல்லாத எந்தச் சொல்லும் அதற்கு உண்மைதான். 'பொய்' என்று எழுதிக் கொடுத்தாலும் உண்மை என்றே சொல்லும். ஆகவே, சொல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதும்போதும் ஒரு பொறி இருக்கிறது: பைத்தானில் பூலியன் என்பது முழு எண்ணின் உட்பிரிவு. 'இது எண்ணா?' என்ற சோதனையை முதலில் வைத்தால் பூலியனும் அதில் விழுந்துவிடும். பூலியனா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

மற்றொன்று, வெற்றுச் சொல்லும் 'எதுவும் இல்லை' என்பதும். பைத்தானுடன் வரும் எக்ஸ்எம்எல் மாட்யூலான எலிமென்ட்ட்ரீயில் இரண்டையும் எழுதினால் ஒரே மாதிரி வெற்று எலிமென்ட்தான் வரும். படித்தால் இரண்டுமே 'எதுவும் இல்லை' என்றே திரும்பும். கொடிவழியில் இவை இரண்டும் ஒன்றல்ல. குழந்தை பெயரிடும் முன்பே இறந்துவிட்டது என்பது வேறு, பெயர் நமக்குத் தெரியவில்லை என்பது வேறு. தெரியாததற்கு எலிமென்ட்டையே எழுதாமல் விடுவதும், பெயரில்லை என்பதற்கு ஓர் ஆட்ரிபியூட்டால் வெளிப்படையாகச் சொல்வதும் என் வழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பற்றி: அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது? வேர்டு ஆவணத்திலிருந்து மேக்ரோ மூலம் எடுத்ததா?

பொருநைக்கரை எழுதியது:

ஆம். சித்தப்பா ஒரு வேர்டு ஆவணத்தில் எழுதித் தந்திருந்ததை மேக்ரோவால் இழுத்துச் சேர்த்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

எழுத்தெண்ணி எழுதியது:

வேர்டில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் பத்தி மாறாமல் வரி மட்டும் மாறும். மேக்ரோவில் அந்த வரிமாற்றம் 11 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறியாக வரும். 1998 பிப்ரவரியில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, 32க்குக் கீழ் உள்ள குறிகளில் 9, 10, 13 ஆகிய மூன்று மட்டுமே, அதாவது டேப்பும் இரண்டு வரிமாற்றக் குறிகளும் மட்டுமே, கோப்பில் இருக்கலாம். மற்றவற்றை &#11; என்று எண்ணால் எழுதினாலும் செல்லாது. கோண அடைப்புக்கும் ஆம்பர்சண்டுக்கும் மாற்றெழுத்து இருப்பதைப் போல் இவற்றுக்கு இல்லை.

இதில் எலிமென்ட்ட்ரீயின் மீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. தன்னாலேயே திரும்பப் படிக்க முடியாத கோப்பை அது வாய்பேசாமல் எழுதிக் கொடுத்துவிடும். எல்எக்ஸ்எம்எல் நூலகம் அந்த மதிப்பை ஏற்கும்போதே பிழை சொல்லி மறுத்துவிடும். நீங்கள் எலிமென்ட்ட்ரீயிலேயே தொடர்வதானால், எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் ஒரு சிறு ஃபங்ஷனை வைத்து, 11ஐ வரிமாற்றமாக மாற்றுங்கள். மற்றவை வந்தால் எந்த நபரின் எந்தப் புலம் என்று சொல்லி நின்றுவிடுங்கள். சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள்.

குறிப்புகளை ஆட்ரிபியூட்டில் எழுதாமல் எலிமென்ட்டின் உள்ளே எழுதுவதும் நல்லது. ஆட்ரிபியூட்டுக்குள் நேரடியாக இருக்கும் வரிமாற்றத்தைப் படிக்கும் நிரல் வெற்றிடமாக மாற்றிவிட வேண்டும் என்பது விதி. உங்கள் சித்தப்பாவின் நான்கு வரி வெண்பா ஒரே வரியாகத் திரும்பும்.

பொருநைக்கரை எழுதியது:

வெண்பா இல்லை, ஆனால் ஒப்பாரிப் பாடல் ஒன்று இருக்கிறது. எலிமென்ட்டுக்கே மாற்றிவிட்டேன்.

பிறந்த நாள் பற்றியும் கேட்டுவிடுகிறேன். பலருக்கு ஆண்டு மட்டுமே தெரியும். நிரலில் தேதி வகைப் புலம் வைத்திருப்பதால் அவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டு வைத்தேன். கோப்பிலும் அப்படியே எழுதலாமா?

சுட்டுவிரல் எழுதியது:

கூடாது என்பேன். நினைவகத்தில் அது ஒரு சமரசம் என்று உங்களுக்குத் தெரியும். கோப்பைத் திறக்கும் உங்கள் மகளுக்குத் தெரியாது. உங்கள் முன்னோரில் பாதிப் பேர் புத்தாண்டு அன்று பிறந்ததாகவே அவர் நினைப்பார். பழைய ஓலையிலும் திருமண அழைப்பிதழிலும் 'ருத்ரோத்காரி ஆண்டு ஆடி மாதம்' என்றுதான் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அந்தப் பெயர் 1983இலும் வந்தது, 1923இலும் வந்தது. எது என்று முடிவு செய்வது உங்கள் ஊகம். ஓலையில் இருந்த சொல்லே ஆதாரம். ஆகவே இரண்டையும் எழுதுங்கள்:

<பிறப்பு ஆண்டு="1923" உறுதி="ஊகம்">ருத்ரோத்காரி ஆண்டு ஆடி மாதம்</பிறப்பு>

கிராம்ப்ஸ் கோப்பிலும் முழுத் தேதி, 'ஏறத்தாழ' என்ற அடையோடு வரும் தேதி, தேதி வரம்பு, தேதியாகப் பிரிக்க முடியாத வெறும் சொற்றொடர் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. உங்கள் நிரலின் தேதிப் புலத்தையும் காலப்போக்கில் அப்படி மாற்றிவிடுங்கள். இப்போதைக்குக் கோப்பாவது உண்மை பேசட்டும்.

நள்ளிரவு நிரலன் எழுதியது:

ஒரு சந்தேகம். டேக் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறீர்களே, அது செல்லுமா? நான் இதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

எழுத்தெண்ணி எழுதியது:

செல்லும். எக்ஸ்எம்எல் தொடக்கத்திலிருந்தே யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் எழுத்துகளும் உயிர்க்குறிகளும் புள்ளியும் முதல் பதிப்பிலேயே பெயர்களுக்கு அனுமதிக்கப்பட்டன. ஒரு வேடிக்கை: கிரந்த எழுத்தான 'ஶ' யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. எக்ஸ்எம்எல் 1.0இன் பழைய பதிப்புகள் அனுமதிக்கப்பட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருந்ததால், 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலைத் தளர்த்தும்வரை 'ஶ' வரும் பெயரை டேக்காக வைக்க முடியாது. பழைய விதியையே பின்பற்றும் படிப்பான்கள் இன்றும் உண்டு. ஆகவே டேக்கில் அந்த எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே வரும் உரையில் எங்கும் எழுதலாம்.

ஆனால், டிக்ஷ்னரியின் திறவுகோல்களை டேக் பெயராக்க வேண்டாம். 'பெரிய பாட்டி' என்ற திறவுகோலில் இடைவெளி இருக்கிறது. '2ஆம் திருமணம்' என்பது இலக்கத்தில் தொடங்குகிறது. இரண்டுமே டேக்காகச் செல்லாது. இடைவெளியை அடிக்கோடாக மாற்றுபவர்கள் உண்டு. அப்புறம் அடிக்கோடு உண்மையாகவே இருந்த பெயரோடு அது மோதும். திறவுகோலை ஆட்ரிபியூட்டின் மதிப்பாக எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் செட்டுக்குள் இருக்கும் சொற்களின் வரிசை ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும் மாறக்கூடும். எழுதுமுன் வரிசைப்படுத்துங்கள், இல்லையென்றால் கிட்டில் மறுபடி பொய்யான மாற்றங்கள் தோன்றும்.

பொருநைக்கரை எழுதியது:

இரண்டு வாரங்களாகி விட்டன. நிலவரத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எல்லாம் எழுதி முடித்து, கோப்பைப் படித்து, மறுபடி எழுதி, இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரு வேறுபாடும் இல்லை. ஊர்களையும் தனிப் பகுதியாக்கியதில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் 'கொக்கிரகுளம்' என்று இருந்தது. கண்ணுக்கு ஒன்றேதான். நிரலில் எண்ணிப் பார்த்தால் ஒன்றில் 12 குறிகள், மற்றதில் 13. ஒன்றில் 'ொ' ஒரே குறியாக இருக்கிறது. மற்றதில் 'ெ' தனியாகவும் 'ா' தனியாகவும் தட்டப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எங்கள் உறவினர்களில் ஒரு பாதி ஒரு கொக்கிரகுளத்திலும் மறுபாதி இன்னொன்றிலும் குடியிருந்திருக்கிறார்கள், 'இந்த ஊரார் யார் யார்' என்று தேடும்போதெல்லாம் எனக்குப் பாதிப் பேரே கிடைத்திருக்கிறார்கள். யூனிகோடின் என்எஃப்சி (இப்படி இரு விதமாகத் தட்டப்பட்டதை ஒரே குறியாக்கும்) வடிவத்துக்கு எல்லாச் சொற்களையும் மாற்றிய பின்பே இப்போது உள்ளே சேர்க்கிறேன்.

இரண்டாவது, என் தவறு. எழுத்தெண்ணி அவர்கள் செட்டை வரிசைப்படுத்தச் சொன்னதை, நான் எல்லாப் பட்டியல்களையும் வரிசைப்படுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டேன். பிள்ளைகளும் அவர்களுடைய எண்ணின்படி வரிசையாகிவிட்டார்கள். எண் என்பது நான் அவர்களை நிரலில் சேர்த்த வரிசை; பிறந்த வரிசை அன்று.

எழுத்தெண்ணி எழுதியது:

நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். செட்டில் வரிசைக்குப் பொருள் இல்லை, ஆகவே எப்படி அடுக்கினாலும் இழப்பில்லை. லிஸ்ட்டில் வரிசையும் தரவுதான். ஆனால் எழுதி, படித்து, மறுபடி எழுதி ஒப்பிட்டபோது இது பிடிபட்டிருக்க வேண்டுமே?

பொருநைக்கரை எழுதியது:

பிடிபடவில்லை, ஏன் என்று யோசித்ததில் புரிந்தது. முதல் முறை எழுதும்போதே வரிசை போய்விட்டது. போன பின் எத்தனை முறை படித்து எழுதினாலும் இரண்டு கோப்புகளும் ஒத்துத்தான் இருக்கும். கோப்போடு கோப்பை ஒப்பிட்டதுதான் பிழை. நினைவகத்தில் முதலில் இருந்த ஆப்ஜெக்ட்களையும், கோப்பிலிருந்து படித்தெடுத்த ஆப்ஜெக்ட்களையும் புலம் புலமாக ஒப்பிட்டிருக்க வேண்டும். இப்போது அப்படி ஒரு சோதனை எழுதியிருக்கிறேன். எண்ணைக் கொண்டு இருவரையும் பொருத்தி, துணை, பெற்றோர் ஆகிய புலங்களில் ஆப்ஜெக்ட்டை ஒப்பிடாமல் அவர்களின் எண்ணை மட்டும் ஒப்பிடுவதால் அதுவும் சுழற்சியில் சிக்குவதில்லை. முதல் ஓட்டத்திலேயே 61 குடும்பங்களில் வரிசை மாறியிருப்பதைக் காட்டியது. பழைய பிக்கிள் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் சரிசெய்ய முடிந்தது. கிளாஸை ஒரு நாளைக்கு மட்டும் பழைய மாட்யூலுக்கே திருப்பி வைத்து அதைத் திறந்தேன்.

என் பெரியம்மாதான் வீட்டுக்கு மூத்தவர். இடையில் அச்சிட்டு உறவினர்களுக்கு அனுப்பிய பிரதியில் அவர் மூன்றாவது பிள்ளையாக இருக்கிறார். அவரிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று நம்புகிறேன்.